பெரிய சாவி

அத்தியாயம் 14

நேவியா தன் லேப்டாப்பில் ஒரு வரி தட்டினாள். வக்கீலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரி. படித்துப் பார்த்தாள், பயந்தாள், அழித்துவிட்டாள். கடிதத்தை அனுப்பவும் இல்லை. யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

திங்கள்கிழமை மாலை, அவளைப் பிரிந்து வாழும் கணவன் ரெனாட்டோவிடமிருந்து போனில் செய்தி வந்தது.

"கார் விஷயத்தை எழுத வேண்டாம்னு நீயே முடிவு பண்ணிட்ட. சந்தோஷம்."

அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற இடத்தில் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

இன்று செவ்வாய். காலை எட்டு மணி. ரியேக்கா நகரத்தில், துர்னிச் பகுதியில், அம்மா வீட்டின் சமையலறை. மேசையில் லேப்டாப் மூடிக் கிடந்தது. எதிரே நேவியா கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் மிர்தா பள்ளிக்குப் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே மூன்றாவது நாளாகத் தெற்குக் காற்று. கடலும் வானமும் ஒரே ஈய நிறம்.

"மாப்பிள்ளை ஏதோ யூகிச்சு எழுதியிருப்பார்," என்றாள் அம்மா ஒந்தினா, காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கியபடி. "பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு உன் மனசு தெரியாதா?"

"மனசு தெரியலாம்மா. நான் அழிச்ச வரி எப்படித் தெரியும்?"

ஒந்தினா காபியை ஊற்றினாள். அவளுக்குத் தெரிந்த ரெனாட்டோ வேறு. இடுப்பு அறுவை முடிந்த மாதம் முழுவதும் அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன். வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் வாங்கிவந்து, கழுவியும் கொடுத்துவிட்டுப் போகிறவன். நேவியா இரண்டு பையும் எட்டு வயதுப் பெண்ணுமாக இங்கே வந்து நான்கு மாதம். 'நீயும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கக் கூடாதா' என்று அம்மா எத்தனை முறை கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

கதவைத் தட்டிவிட்டுத் தங்கை எடித்தா உள்ளே வந்தாள். நேவியாவைவிட ஆறு வயது இளையவள். நகர நூலகத்தில் வேலை. இன்று விடுப்பு சொல்லியிருந்தாள். வந்ததும் வாயில் விரலை வைத்து, லேப்டாப்பைக் கண்ணால் காட்டி, அக்காவின் முழங்கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"அது மூடித்தானே இருக்கு," என்றாள் நேவியா.

"இருக்கட்டும். நமக்கு என்ன நஷ்டம், குளிரும், அவ்வளவுதானே." எடித்தா கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். "சுருக்கமா சொல்றேன்க்கா. நீ தட்டற ஒவ்வொரு எழுத்தையும் எழுதி எழுதி அவனுக்கு அனுப்பற மாதிரி ஒண்ணை உள்ள போட்டு வச்சிருக்கான்."

"எப்ப போட்டிருப்பார்?"

"பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தானே, அன்னைக்கே இருக்கலாம்."

நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் என்னென்ன தட்டினோம் என்று நேவியா நினைத்துப் பார்த்தாள். சிநேகிதிக்குப் புலம்பி எழுதியது. தூக்கம் வரவில்லை என்று மருத்துவருக்கு எழுதியது. 'விவாகரத்து' என்று தேடிவிட்டு உடனே 'ஆப்பிள் கேக்' என்று தேடியது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை மட்டும் எடுத்துட முடியாதா?"

"எடுக்கலாம். ஆனா லேப்டாப்பை ஓட்டற அந்த சிஸ்டத்தைக் காசு கொடுத்து வாங்கினது அவன். அவன் பேர்ல பதிஞ்சிருக்கு. நீ அதுல வாடகைக்குக் குடியிருக்க. பெரிய சாவி அவன்கிட்ட. இன்னைக்கு எடுத்தா, உட்கார்ந்த இடத்துலேர்ந்து நாளைக்கே திரும்ப வச்சுடுவான். வித்த கம்பெனியைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. வீட்டுக்காரன் யார்னு கேட்டா அது அவன் பேரைச் சொல்லும்."

"அப்ப என்ன பண்றது?"

"வேற சிஸ்டம் போடறது. லினக்ஸ். இலவசம். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு உலகத்துல யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம், பாத்துக்கிட்டும் இருக்காங்க. எங்க லினக்ஸ் சங்கத்துல சனிக்கிழமை சனிக்கிழமை வேற என்ன பண்றோம்னு நினைச்ச? பழைய டிஸ்க்கைக் கழட்டி அப்படியே வக்கீல்கிட்ட கொடுத்துடலாம். அதுதான் சாட்சி. புது டிஸ்க், புது சிஸ்டம், புது பூட்டு."

"என் வேலை?" நேவியா நீதிமன்றத்துக்கு இத்தாலிய ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பவள். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த சொற்பட்டியல் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. "அது வேற சிஸ்டத்துல திறக்கலைன்னா நான் என்ன சாப்பிடறது?"

"திறக்கும். திறக்கலைன்னா திறக்க வைப்போம்."

நேவியா தெருவைப் பார்த்தாள். அவளுடைய உண்மையான பயம் வேலை இல்லை.

"மெஷின் திடீர்னு பேசாம போனா அவருக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா?"

"வருவார். கத்த மாட்டார். கதவை உடைக்க மாட்டார். பூ வாங்கிட்டு வருவார்."

மிர்தா யாருடன் இருப்பது என்பதை நீதிமன்றம் வியாழக்கிழமை முடிவு செய்யப் போகிறது. அதுவரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம உரிமை. அவன் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனால் யாரும் தடுக்க முடியாது. இது இருவருக்கும் தெரியும்.

"அப்ப ஒரு சாதாரண காரணம் கொடு," என்றாள் எடித்தா. "அவன் படிப்பான்ல? படிக்கற மாதிரி எழுது."

நேவியா உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள். மொழிபெயர்ப்பு கேட்டிருந்த ஒரு வாடிக்கையாளருக்கு எழுதினாள். 'லேப்டாப்பின் ஃபேன் இரண்டு நாளாகச் சத்தம் போடுகிறது. இன்று பழுது பார்க்கக் கொடுக்கிறேன். உங்கள் ஆவணம் நாளை வந்துவிடும்.' அனுப்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் அவனைக் கூப்பிடாமலே.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. போன் அதிர்ந்தது.

"ஃபேன் சத்தமா? கடையில கொடுக்காத, ஏமாத்துவாங்க. எனக்கு நாலு மணிக்கு வேலை முடியும். நானே வந்து பாக்கறேன். அம்மாவைக் காபி போட்டு வைக்கச் சொல்லு."

ஒந்தினா மகளின் தோளுக்கு மேலே குனிந்து அதைப் படித்தாள்.

"நீ மாப்பிள்ளைக்கும் எழுதினியா?"

"இல்லம்மா."

ஒந்தினா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தாள்.

"போனை இங்கயே வச்சுட்டு வா," என்று எடித்தா அக்காவின் காதருகே சொன்னாள். "அதுவும் அவன் வாங்கிக் கொடுத்ததுதானே."

* * *

பஸ்ஸில் நேவியா லேப்டாப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். முன்வரிசையில் நீல வேலைச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்கழுத்தும் முடிவெட்டும் அப்படியே ரெனாட்டோ. கப்பல்களுக்கு ராடாரும் ரேடியோவும் பொருத்துகிற ரெனாட்டோ இந்நேரம் கப்பல் பட்டறையில் இருக்க வேண்டும். அவன் இறங்கும்போது முகம் தெரிந்தது. வேறு யாரோ.

சங்கத்தின் அறை ஆற்றோரத்துப் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தது. மேசைகளில் வயிறு திறந்த கணினிகள். ப்ரூனா என்ற பெண் அவர்களுக்காகக் காத்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை, காலையில்தான் பணி முடித்து வந்திருந்தாள். பதறுகிறவர்களிடம் பேசிப் பேசியே பதமான குரல்.

"கதை எல்லாம் அப்புறம். மெஷினை ஆன் பண்ணாம அப்படியே கொடுங்க."

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு ஒட்டும் நாடாவில் வரிசையாக ஒட்டினாள். உள்ளிருந்து சூயிங்கம் பட்டை அளவில் ஒரு பச்சைத் துண்டை எடுத்தாள்.

"நாலு வருஷமும் இதுக்குள்ளயா?" என்றாள் நேவியா.

"ஆமா. நீங்க தட்டினதும், அவர் போட்டு வச்சதும்."

அதை அப்படியே படிக்க மட்டும் முடிகிற, எதையும் எழுத முடியாத ஒரு சிறு பெட்டியில் செருகி, முழு நகல் எடுக்கத் தொடங்கினாள். நகல் முடிந்ததும் நீளமான எண் ஒன்று வரும் என்றாள். டிஸ்கில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நாளைக்கு யாரும் 'நீங்களே எதையோ போட்டுவிட்டீர்கள்' என்று சொல்ல முடியாது.

நகல் எடுக்க ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க நேவியா ஜன்னலருகே நின்றாள். பாலத்தைக் கடக்கிற சாம்பல் நிறக் கார்களை எண்ணினாள். பதினேழு. ரெனாட்டோவின் காரும் சாம்பல்தான்.

"அக்கா, உட்காரேன்."

"உட்கார்ந்தா தெரு தெரியல."

எண் வந்தது. ப்ரூனா அதை உறை மேல் எழுதி, டிஸ்க்கை உள்ளே போட்டு ஒட்டினாள். மூன்று பேரும் ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நேவியாவின் கையெழுத்து வேறு யாருடையதோ போல் கோணலாக வந்தது.

பிறகு புது டிஸ்க். திரை விழித்தது. எந்த மொழி என்று கேட்டது, எந்த ஊர் என்று கேட்டது. ரெனாட்டோவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. உங்கள் பெயர் என்ன என்றது. நேவியா தன் பெயரைத் தட்டிவிட்டு, ஒரு முறை திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"இப்ப பாஸ்வேர்டு," என்றாள் ப்ரூனா. "நீளமா இருக்கட்டும். பொண்ணு பேர், பிறந்த நாள், கல்யாண நாள் எதுவும் வேண்டாம்."

"அதைத் தவிர எனக்கு வேற எதுவும் தோணலையே."

"யோசிங்க. நாங்க பாக்கல." இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நேவியா நெடுநேரம் யோசித்தாள். கடைசியில் மெதுவாகத் தட்டினாள், இரண்டு முறை. பதினோரு வருடத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த முதல் விஷயம் அதுதான். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. எதையோ திருடி ஒளித்துவைத்தவள் போல மறுபடி கதவைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் ப்ரூனா. "இது மந்திரம் இல்ல. இந்தப் பாஸ்வேர்டை அவர்கிட்ட சொல்லிட்டா, இதுவும் அவரோடதுதான்."

"கேட்டா என்ன சொல்றது?"

"என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்ப கேக்க வேண்டிய நிலைமையில இருக்கறது அவர்தான்."

பழைய டிஸ்கின் நகலிலிருந்து சொற்பட்டியலை எடுத்துத் திறந்தபோதுதான் நேவியா உடைந்தாள். அவர்கள் மொழிக்கே உரிய, தலையில் கொக்கி போட்ட எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கிடந்தன. பன்னிரண்டு வருட உழைப்பைப் பூச்சி அரித்ததுபோல் இருந்தது.

"போச்சு. எல்லாம் போச்சு. பேசாம பழையதையே மாட்டிக் கொடுத்துடுங்க. அவர் படிச்சாப் படிக்கட்டும்."

"கை எடுங்க," என்றாள் ப்ரூனா. கோப்பை மூடி, மறுபடி திறக்கும்போது கேட்ட ஒரு பட்டியலில் வேறொரு வரியைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்துகள் திரும்பி வந்தன. பதினான்காயிரம் சொல், கொக்கியும் புள்ளியும் அதனதன் இடத்தில்.

நேவியா அழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எடித்தா திறந்து கொடுத்த புது மின்னஞ்சலில் வக்கீல் மாரோனிச்சுக்கு எழுதினாள்.

'போன ஆகஸ்டில் ரெனாட்டோ மிர்தாவைக் காருக்குள் விட்டுப் பூட்டினான். நான் மன்னிப்புக் கேட்கும்வரை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் என்னுடன் நின்றான். இருபது நிமிடம். ஜன்னல்கள் மூடியிருந்தன.'

படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். மணி பன்னிரண்டு ஐம்பது.

* * *

ஒன்றே காலுக்கு எடித்தாவின் போன் அடித்தது. அம்மா.

"அக்காகிட்ட கொடு." குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "நேவியா, நான் கீழே நிலவறையில இருக்கேன். உருளைக்கிழங்கு எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். மாப்பிள்ளை வந்திருக்கார்."

"நாலு மணின்னாரே."

"வேலையிலேர்ந்து சொல்லிட்டு வந்துட்டாராம். புது ஃபேன் வாங்கிட்டு வந்திருக்கார். பூவும் இருக்கு." ஒந்தினா மூச்சு வாங்கினாள். "மேசையில உன் போன் இருந்துச்சுல்ல. எடுத்தார். நான் பக்கத்துலயேதான் நிக்கறேன். ஆறு நம்பர் போடணும்ல அதுல? விரல் ஒரு தடவைகூட யோசிக்கல. இது நேவியாவோடதாச்சேன்னேன். தெரியும்மான்னு சிரிச்சான்."

நேவியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப சிரிச்ச அதே சிரிப்புடி. அதே. கேளு, நேரம் இல்ல. ரெண்டரைக்கு மிர்தாவைக் கூப்பிட வரேன்னு பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிட்டான். நீ முந்திக்கோ. நான் சாப்பாடு போட்டு அவனை உட்கார வைக்கறேன்."

"அம்மா, மேலே போகாதே. அப்படியே தெருவுக்கு வந்துடு."

"வரலைன்னா தேடிட்டு இங்க வருவான். உருளைக்கிழங்கு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

போன் வைக்கப்பட்டது.

அம்மாவின் செருப்புச் சத்தம் நிலவறைப் படியில் ஏறுவதை நேவியாவால் இங்கிருந்தே கேட்க முடிந்தது. எடித்தா உறையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"நான் வக்கீல்கிட்ட நடந்தே போறேன். நீ பள்ளிக்கூடம் போ. ஆனா எங்க வீட்டுக்கு வராதே, முதல்ல அங்கதான் வந்து நிப்பான்."

"என் வீட்டுக்கு வாங்க," என்றாள் ப்ரூனா, கார்ச் சாவியைத் தேடியபடி. "பக்கத்து ஊர், பாகர்ல இருக்கேன். என்னை அவருக்குத் தெரியாதுல்ல."

* * *

மேட்டுச் சாலையில் ப்ரூனாவின் கார் ஏறும்போது நேவியாவின் மனதில் ஒரே கணக்குதான் ஓடியது. அவன் மிர்தாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், நாட்டு எல்லை இங்கிருந்து அரை மணி நேரம். நிறுத்தித் தாளைக் கேட்க இப்போதெல்லாம் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. கேட்டாலும் என்ன, அவன் அப்பா. அவன் பேரில் எல்லாத் தாளும் சரியாக இருக்கும். அவனுடைய தாள்கள் எப்போதுமே சரியாகத்தான் இருக்கும்.

பள்ளி வாசலில் சாம்பல் கார் இல்லை. மணி இரண்டு.

மதிய வகுப்பு ஆசிரியை நேவியாவைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள். "இப்பதானே மிர்தா அப்பா பேசினார். ரெண்டரைக்கு வரேன்னார்."

"திட்டம் மாறிடுச்சு."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

நேவியா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். ஆசிரியை அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு நேவியாவின் கையைப் பார்த்தாள். "பின்வாசல் திறந்துதான் இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

மிர்தாவுக்குக் கோபம். "அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு சொன்னாராம். டீச்சர் சொன்னாங்க. ஏன் நீ வந்த?"

"இன்னொரு நாள் சாப்பிடலாம் கண்ணு."

"நீ எப்பவும் இன்னொரு நாள்னுதான் சொல்ற."

மகளைப் பின்சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு நேவியா முன்னால் உட்கார்ந்தாள். ப்ரூனா வண்டியை எடுத்ததும், கொஞ்சம் வேகம் பிடித்தவுடன், நான்கு கதவும் 'டொக்' என்று தானாகப் பூட்டிக்கொண்டன. எல்லாக் காரிலும் நடப்பதுதான்.

மிர்தாவின் புலம்பல் பாதியில் நின்றது. கண்ணாடியில் நேவியா மகளைப் பார்த்தாள். குழந்தையின் கை கதவுப் பிடியில் இருந்தது.

"இது உள்ளேர்ந்து திறக்குமா?"

சின்னக் குரல். ஐஸ்கிரீம் கேட்ட குரல் இல்லை அது. ஆகஸ்டு மாதத்தை மகள் மறந்துவிட்டாள் என்றுதான் நேவியா நம்பியிருந்தாள். எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

ப்ரூனா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "திறந்து பாரு," என்றாள்.

மிர்தா பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. தெற்குக் காற்று உள்ளே புகுந்தது. மூடினாள். மறுபடி இழுத்தாள். மறுபடி திறந்தது. மூன்று முறை அப்படிச் செய்தாள். இருவரும் அவளுக்காகப் பொறுத்திருக்க முடியாத நேரம் அது. ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சரி," என்றாள் மிர்தா. "போலாம்."

வண்டி கிளம்பித் திருப்பத்தில் இறங்கும்போது, கீழிருந்து ஒரு சாம்பல் நிறக் கார் பள்ளியை நோக்கி ஏறி வந்தது. நேவியா பின்சீட்டுப் பக்கம் திரும்பிக் கையை நீட்டி மகளின் தலையைக் கீழே அழுத்தினாள். அது அவன்தானா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

* * *

பாகரில் ப்ரூனாவின் வீடு. மிர்தா ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டு சோபாவில் தூங்கிப்போனாள். நான்கு மணிக்கு எடித்தா வந்து சேர்ந்தாள். வக்கீல் உறையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருந்தார். கடிதத்தையும் படித்துவிட்டார். வியாழனுக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே நீதிபதியிடம் அவசர மனு கொடுக்கிறேன் என்றாராம்.

"நாளைக்குக் காலையில," என்று எடித்தா திரும்பச் சொன்னாள். "ஒரே ஒரு ராத்திரிதான்க்கா."

நேவியா தலையாட்டினாள். அவள் பார்வை எடித்தாவின் போனிலேயே இருந்தது. அம்மாவை ஐந்து முறை கூப்பிட்டாகிவிட்டது. எடுக்கவில்லை. ஆறாவது முறை கூப்பிட எடித்தாவே பயந்தாள். அவன் பக்கத்தில் இருந்தால்?

ஐந்தரைக்கு அம்மாவே கூப்பிட்டாள். எடித்தா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"போயிட்டான்." ஒந்தினாவின் குரல் களைத்திருந்தது. "மிர்தா உங்கூடதானே இருக்கா?"

"தூங்கறா. உன்னை என்னம்மா பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. சாப்பிட்டான், நல்லா இருக்குன்னான். பள்ளிக்கூடம் போனான். திரும்ப வந்தான். எங்கம்மா அவங்கன்னு கேட்டான். தெரியாதுன்னேன். நிஜமாவே எனக்குத் தெரியாதுல்ல? அப்படியே எதிர்ல உட்கார்ந்திருந்தான். ரெண்டு மணி நேரம். பேசல, கத்தல. என்னையே பாத்துக்கிட்டு. போன் அடிச்சப்ப எல்லாம், எடுங்கம்மான்னு சொன்னான். நான் எடுக்கல. நாலு மாசமா உன்னை விட்டுக் கொடு விட்டுக் கொடுன்னேன். என்னை மன்னிச்சுடு."

"விடும்மா. கதவைப் பூட்டிட்டியா?"

"ரெண்டு பூட்டும். சாவியை உள்ளயே விட்டிருக்கேன். எங்க இருக்கீங்க? நாளைக்கு முதல் பஸ்ல மிர்தா துணியை எடுத்துட்டு வந்துடறேன். இரு, எழுதிக்கறேன்."

நேவியா ஒரு கணம் தயங்கினாள். பிறகு சொன்னாள். ஒந்தினா எழுதிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள், காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில்.

"பாகர். சர்ச்சுக்குக் கீழே இறங்கற படி. பச்சைக் கதவு. ரெண்டாவது மாடி. சரியா?"

"சரிம்மா."

"எடித்தா, உங்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். இங்க இருக்கற என் கம்ப்யூட்டரையும் உங்க சங்கத்துல மாத்திக் கொடுப்பாங்களா? அதுவும் அவன் வாங்கிப் போட்டுக் கொடுத்ததுதானே. நான் எங்க தொடறேன், மிர்தாதான் பாட்டு கேப்பா. பாரு, யாரும் தொடாமலே இப்ப சின்னதா ஒரு விளக்கு எரியுது."

எடித்தா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"எந்த விளக்கும்மா?" என்றாள் நேவியா.

"மேலே, நடுவுல. முகம் பாத்துப் பேசறதுக்கு அந்தக் கண்ணாடிப் பொட்டு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல. பச்சையா."

"அம்மா, நீ எங்க நின்னு பேசற?"

"மிர்தா ரூம்லதான். இங்கதான் பேனா கிடைச்சுது."